மூடுபனிக்குள் அடித்த ஒற்றை மணி

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போன ஒருவர் திரும்ப வேண்டிய நேரம் தாண்டியும் வராமல் இருந்தால், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து உங்கள் கால் ஓய்ந்திருந்தால், இந்தச் சாட்சியை முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் ஆற அமர வாசித்துக்கொள்ளலாம். ஆண்டவர் எனக்குச் செய்ததை இத்தனை நாள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிக் கொடு என்று எங்கள் ஃபாதர் சொன்னதால் எழுதுகிறேன். சொல்லும்போது முன்னே பின்னே ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சகாயமேரி. ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகிற பக்கத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. வரிசையாகத் தொழிலாளர் வீடுகள், ஒரு டீக்கடை, மேட்டின்மேல் ஒரு மாதா கோயில். ஃபாதர் டவுனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் கோயிலைத் திறப்பது, பூட்டுவது, மணி அடிப்பது எல்லாம் என் கணவர் ஆரோக்கியசாமிதான். எஸ்டேட்டில் அவருக்கு மரம் ஏறிக் கிளை கழிக்கிற வேலை. சம்பளம் எஸ்டேட்டில், மரியாதை கோயிலில் என்று நான் அவரைக் கேலி செய்வேன்.

மலையில் இருக்கிறவர்களுக்குப் புயல் என்றால் டிவியில் வருகிற சமாச்சாரம். புயல் கரையைக் கடந்துவிட்டது என்று செய்தியில் சொன்னதும் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். கரையைக் கடந்த புயல் அப்புறம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. போன வருசத்துக்கு முந்தின வருசம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற திருவருகைக் காலம் தொடங்கிய வாரத்தில், அது எங்களிடம் வந்தது. அதற்கு வைத்த பெயரை நான் எழுதப்போவதில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வரும்போதே காற்று மாறிவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டுக் கதவருகே போய் நின்றேன். "என்னத்த பாக்கறே?" என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இரவெல்லாம் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அவ்வளவு உயரமான மரத்துக்கு வேர் ஆழம் போதாது. விழும்போது கீழே இருக்கிற காப்பிச் செடியையும், செடியில் சிவந்து நிற்கிற பழத்தையும் சேர்த்து அமுக்கிவிடும். கரண்ட் போனது. செல்போனில் டவர் இல்லை. சேலத்திலிருந்து ஏறுகிற மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று விடிந்ததும் டீக்கடையில் சொன்னார்கள்.

அன்றைக்குக் காலையில் சூசை மாமாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமானது. அவர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர், நெஞ்சுச் சளிக்காரர். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எஸ்டேட் ஜீப் தயாராக நின்றது. ஆனால் கீழே வளைவில் ஒரு பெரிய மரம் பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை அறுத்து ஒதுக்கினால்தான் ஜீப் போகும். மரம் என்றால் முதல் ஆளாக என் கணவரைத்தான் கூப்பிடுவார்கள். டீக்கடை மாதேசன் அண்ணனும், எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் செல்வராஜ் சாரும் கூடப் போனார்கள். என் கணவர் கஞ்சி குடித்துவிட்டு, மெஷின் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் சாக்கை மடித்துக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினார்.

"மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன்" என்றார்.

வெளியே கிளம்புகிற ஆளிடம் "வந்துவிடுங்கள்" என்று நான் சொல்வதே கிடையாது. ஏன் என்று அவர் கேட்டதும் கிடையாது. இதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் கடற்கரையில் பிறந்தவள். எங்கள் ஊரில் வயதை வருசத்தால் சொல்ல மாட்டார்கள், புயலால் சொல்வார்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது வயிற்றில் இருந்தவன், அதற்கு அப்புறம் அடித்ததில் பிறந்தவள் என்றுதான் கணக்கு. அப்போதெல்லாம் புயலுக்குப் பெயர் கிடையாது. யாரைக் கொண்டுபோனதோ அவர் பெயர்தான் அதற்கு. எங்கள் வீட்டுப் புயலுக்கு என் அப்பா பெயர்.

எனக்கு ஒன்பது வயது. வள்ளங்கள் கடலுக்குப் போன பிறகு வானம் கறுத்தது. பகலிலேயே கரை தெரியாத அளவுக்கு மழை. எங்கள் ஊரில் அந்த மாதிரி நேரத்தில் கோயில் மணியை அடிப்பார்கள். விடாமல் அடிக்க மாட்டார்கள். ஒரு அடி, பிறகு சத்தம் அடங்குகிற வரைக்கும் சும்மா இருப்பார்கள், மறுபடியும் ஒரு அடி. தொடர்ந்து அடித்தால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கடலில் இருக்கிறவனுக்குப் பிடிபடாது. நடுவில் அமைதி இருந்தால்தான் காதைத் தீட்டிக்கொண்டு, இதோ இந்தப் பக்கம் கரை என்று வள்ளத்தைத் திருப்புவான். ஆண்கள் மாறி மாறிக் கயிற்றை இழுத்தார்கள். நாங்கள் குழந்தைகளெல்லாம் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றோம். என் அப்பாவைத் தா, என் அப்பாவைத் தா என்று மட்டும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மணியைக் கேட்டு ஒவ்வொருவராகக் கரை சேர்ந்தார்கள். என் பக்கத்தில் முழங்காலில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக அவரவர் அப்பா வந்து தூக்கிக்கொண்டு போனார். கடைசியில் நான் மட்டும் நின்றேன். அப்பா வரவில்லை, உடலும் வரவில்லை. அவருடைய வேட்டி சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தோம்.

"அந்த மணி ஒங்க அப்பாவுக்கும் கேட்டிருக்கும் மக்கா" என்று அம்மா சொன்னாள். அம்மாமேல் எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்டிருந்தால் ஏன் வரவில்லை.

அதன் பிறகு கன்னியாஸ்திரி ஒருவர் என்னை ஏற்காட்டில் இருக்கிற போர்டிங்கில் சேர்த்துவிட்டார். கடலைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நானும் வந்துவிட்டேன். இங்கேயே படித்து, அங்கேயே சமையலுக்கு உதவியாக இருந்து, இங்கேயே கல்யாணமும் ஆனது. பூசைக்குத் தவறாமல் போவேன். செபமாலை சொல்வேன். கிடைத்ததற்கு நன்றி சொல்வேன். ஆனால் ஆண்டவரிடம் எதையும் கேட்க மாட்டேன். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். மணி அடிக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டும் அந்தக் கயிற்றை நான் தொட்டதில்லை. அவருக்குக் காய்ச்சல் என்றால்கூட வேறு யாரையாவது அனுப்புவேன். ஏன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கர்வக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

முற்பகல் முழுவதும் ரம்பத்தின் சத்தம் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. மழை குறைந்து காற்றும் விழுந்தது. சோறு வடித்து, ரசம் வைத்து, அவர் தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன். அப்போது கீழே லாரியிலிருந்து கருங்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நின்றது, மறுபடியும் கேட்டது. அதற்குப் பிறகு ரம்பத்தின் சத்தம் இல்லை.

வெளியே ஓடி வந்தேன். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே டீக்கடை மறைந்தது, அடுத்த வீட்டுக் கூரை மறைந்தது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. எங்கள் மலையில் பனி புதிதல்ல. ஆனால் மரங்கள் சாய்ந்து, பாதை கலைந்து, அடையாளமெல்லாம் போன நாளில் அப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை.

டீக்கடையிலிருந்து பழனியம்மா அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். மாதேசன் அண்ணனின் மனைவி. கையில் கரண்டியோடு வந்திருந்தார், அதைக் கீழே வைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"ஏனுங்க மேரி, அந்தச் சத்தம் என்னங்க?"

"தெரியலீங்க அக்கா."

"ரோடு போயிருச்சுங்களா?"

"தெரியலீங்க" என்றுதான் மறுபடியும் சொன்னேன். இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கீழே போய்ப் பார்க்கலாம் என்று நாலு பேர் கொஞ்ச தூரம் இறங்கிப் போய், பாதை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் திரும்பி வந்தார்கள். "இந்தப் பனியில போனா நாங்களும் வர மாட்டோமுங்க" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மதியம் தாண்டியது. தட்டு கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். வயிற்றுக்குள் ஒன்பது வயது மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த முறையும் வேட்டி சட்டையைத்தான் பெட்டியில் வைக்கப்போகிறேனா என்று ஓடியது. எந்த வேட்டி என்றுகூட மனசு தேட ஆரம்பித்தது. அந்த நினைப்பு வந்ததும் செருப்புப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன்.

கோயில் கதவைத் திறந்தேன். மாதாவைப் பார்க்கவில்லை. நேராகக் கயிற்றிடம் போனேன். ஈரத்தில் கயிறு கனத்துத் தொங்கியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

ஒரு அடி. சத்தம் அடங்குகிறவரை நின்றேன். மறுபடியும் ஒரு அடி.

என் கை அதைத்தான் அறிந்திருந்தது. கடலுக்கு அடிக்கிற மணி. எந்தப் பக்கம் கரை என்று சொல்கிற மணி. பனிக்குள் அவர் எங்கே நின்றாலும் காதைத் தீட்டிக் கேட்கட்டும், இந்தப் பக்கம் வரட்டும். அவ்வளவுதான் என் மண்டைக்குள் இருந்தது.

கயிற்றை இழுத்துக்கொண்டே நான் கேட்டேன். நன்றி சொல்லவில்லை, புகழவில்லை. "ஆண்டவரே, ஒரு தடவை கேட்டேன், நீர் தரவில்லை. அதற்கப்புறம் நான் உம்மிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அவரைத் தாரும். மாதாவே, நீயும் மகனுக்காக அலைந்தவள்தானே, எனக்காகக் கேள்." இதுதான் என் செபம். அழகான வார்த்தை ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குடையோடும் சாக்கோடும் ஒவ்வொருவராக வாசலில் வந்து நின்றார்கள். முகமெல்லாம் வெளுத்திருந்தது. முதலில் வந்தது சூசை மாமாவின் மருமகள்.

"ஏனுங்க அக்கா, எங்க மாமாவுக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா? இப்பத்தான அவருக்குச் சுடுதண்ணி குடுத்துட்டு வாரேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் மலையில் ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு மணி அடித்தால் அது சாவு மணி. வேறு அர்த்தமே கிடையாது. இதை அடிக்கிறவரே என் கணவர்தான், எத்தனை சாவுக்கு அவர் அடித்துக் கேட்டிருக்கிறேன். அந்த மணி கேட்டால் யாராக இருந்தாலும் செய்கிற வேலையை விட்டுவிட வேண்டும். பழம் பறிக்கிறவர்கள் கூடையை இறக்கி வைப்பார்கள். ஆண்கள் தலைத்துண்டை எடுத்துவிடுவார்கள். கோயில் இருக்கிற திசையைப் பார்த்துத் திரும்பி, அசையாமல் நின்று, போகிற ஆன்மாவுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். கிறிஸ்தவர்கள் அல்லாதவர்களும் அப்படியே நிற்பார்கள், தோட்டத்தில் அது எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். முப்பது வருசமாக இந்த மலையில் இருக்கிற எனக்கு அந்த நேரத்தில் அது சுத்தமாக மறந்துபோனது.

சூசை மாமா வீட்டில் நடந்த கூத்தை அவரே பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஆளாளுக்கு வந்து மூக்குல கை வெச்சுப் பாக்கறாங்க சாமி. இருக்கறேன், இருக்கறேன்னு நான் சொல்றேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்பார். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் நாத்தனார் லூர்தம்மாள் வந்தார். என் கணவரைவிட மூத்தவர், அவரை எடுத்து வளர்த்தவர். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கயிற்றோடு நிற்கிற என்னைப் பார்த்ததும் அவருக்கு வாய் கோணிக்கொண்டது.

"என்ன காரியம் பண்றே மேரி? இது சாவு மணிம்மா. உசுரோட இருக்கற என் தம்பிக்கு நீயே சாவு மணி அடிக்கறயா?"

என் கை தானாகக் கயிற்றை விட்டுவிட்டது.

அன்பானவர்களே, என் வாழ்க்கையில் அதைவிடக் கொடிய நேரம் இல்லை. அப்பா போன நாளில்கூட நான் சின்னப் பிள்ளை, என்மேல் எந்தப் பழியும் இல்லை. இப்போது என் கையாலேயே என் கணவரை வழியனுப்பிவிட்டேனோ என்று நினைத்தேன். மணியின் சத்தம் மெல்ல அடங்கியது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கேட்டது தப்பு, கேட்காமலே இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பழனியம்மா அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்தார். "நீங்க எதுக்குங்க அடிச்சீங்க? சொல்லுங்க."

அப்போதுதான் முதன்முறையாக ஊருக்கு முன்னால் சொன்னேன். எங்கள் கடற்கரையில் புயலில் சிக்கினவர்களுக்குக் கரை தெரிய இப்படித்தான் அடிப்பார்கள் என்றேன். என் அப்பாவுக்கும் இப்படித்தான் அடித்தார்கள் என்றேன். அவர் வந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

பழனியம்மா அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. கரண்டியைப் பீடத்துப் படியில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். "அவங்க காதுல உழுகறதுக்குத்தானுங்களே? அப்ப எப்படி இழுக்கறதுன்னு சொல்லுங்க. சாவு மணியோ கலியாண மணியோ, எங்கூட்டுக்காரரு வந்து சேந்தாப் போதும் எனக்கு."

அவர் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருசம் தவறாமல் நடந்து போகிறவர். எங்கள் மணிக் கயிற்றை அதற்கு முன்னால் தொட்டிருக்க மாட்டார். ஆனால் அன்றைக்கு அவருக்கு இருந்த விசுவாசம் எனக்கு இல்லை. இதை வெட்கத்தோடு அல்ல, நன்றியோடு சொல்கிறேன். நான் எழுந்து அவர் கைக்கு மேலே என் கையை வைத்தேன். ஒரு அடி. நின்றோம். ஒரு அடி.

அண்ணி தடுக்கவில்லை. திரும்பி மாதாவுக்கு முன்னால் போய் முழங்காலில் விழுந்து, கோபமான குரலில் செபமாலையைத் தொடங்கினார். சண்டை போடுகிற மாதிரிதான் இருந்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மணி அடிக்கிறபோது நிறுத்துவார்கள், அடங்கியதும் தொடருவார்கள். எனக்குக் கையில் தோல் உரிந்து எரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி இழுத்தோம். ஒவ்வொரு அடிக்கும் பிறகு வாசலைப் பார்ப்பேன். வெள்ளையாகப் பனி நிற்கும். மறுபடியும் இழுப்பேன். வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. இருட்டிவிட்டால் என்ன செய்வது என்று நினைக்கவே பயமாக இருந்தது. இதோ அடுத்த அடிக்கு வந்துவிடுவார், அதற்கடுத்த அடிக்கு வந்துவிடுவார் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு இழுத்தேன்.

முதலில் உருவம் தெரியவில்லை, இருமல் சத்தம்தான் கேட்டது. பழனியம்மா அக்கா கயிற்றை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார். மாதேசன் அண்ணனின் இருமலை அவருக்குத் தெரியாதா. பின்னாலேயே ரைட்டர் சார் வந்தார், ஒரு கால் செருப்போடு. கடைசியாக அவர் வந்தார். தலையில் சாக்கு இல்லை. இடுப்பு வரைக்கும் செம்மண். முகத்தில் ரத்தக் கீறல். வாசல்படியில் நின்று என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

"யாரு மேரி, சூசை மாமாவா?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்பறம் யாரு?"

"யாரும் இல்லீங்க. உங்களத்தான் கூப்பிட்டேன்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்று கோயில் படியில் உட்கார்ந்து, சுடச்சுடக் காப்பியைக் குடித்துக்கொண்டே அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மரத்தை அறுத்து முடித்துத் திரும்பும்போது அவர்களுக்கு முன்னால் பாதை சரிந்து பள்ளத்தில் போய்விட்டது. நான் கேட்ட சத்தம் அதுதான். பாதை இல்லாததால் காப்பித் தோட்டத்துக்குள் ஏறிக் குறுக்கே வந்திருக்கிறார்கள். அதற்குள் பனி மூடிவிட்டது. வழியில் அடையாளத்துக்கு நின்ற மரங்களெல்லாம் சாய்ந்து கிடந்தன. எங்கோ சுற்றியிருக்கிறார்கள். ஆனால் மேடு ஏறுவதால் கோயில் பக்கம்தான் போகிறோம் என்று மூன்று பேருக்கும் நிச்சயம். சூசை மாமாவை நினைத்து வேக வேகமாக நடந்திருக்கிறார்கள்.

"அப்பத்தான் மணி கேட்டுச்சு. சூசை மாமா போயிட்டாருன்னு நெனச்சேன். மூணு பேரும் நின்னுட்டோம். தலையில இருந்த சாக்க எடுத்துட்டு, கோயிலப் பாக்கத் திரும்பலாம்னு பாத்தா, சத்தம் முதுகுப் பக்கம் கேக்குது. கோயிலு எனக்கு முன்னாலதான இருக்கோணும்? ரைட்டர் சாரு, எதிரொலிங்கன்னு சொன்னாரு. அடுத்த மணியும் முதுகுப் பக்கந்தான். காலை எடுத்து வெக்காம, கீழ கெடந்த ஒரு கொம்பை எடுத்து முன்னால ஊணிப் பாத்தேன். கொம்பு உள்ள போயிருச்சு மேரி. கீழ ஒண்ணுமே இல்ல."

சரிந்துபோன இடத்தின் மேல் விளிம்பில் நின்றிருக்கிறார்கள். ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே வந்திருக்கிறார்கள். இன்னொரு எட்டு வைத்திருந்தால், பாதை போன இடத்துக்கே மூன்று பேரும் போயிருப்பார்கள்.

"நடுவுல மணி நின்னு போச்சு பாரு, அப்பத்தான் நொம்ப பயந்துட்டோம். எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாம ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சிக்கிட்டு நின்னோம். மறுக்கா அடிச்சதுக்கப்பறந்தான் நடந்தோம்" என்றார்.

இதைக் கேட்டதும் அண்ணி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டார்.

நான் அன்றிலிருந்து இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். விடாமல் அடிக்கிற வழக்கமான மணியை நான் அடித்திருந்தால், செபத்துக்கு மணி அடிக்கிறார்கள் என்று நினைத்து அவர்கள் நடந்துகொண்டே இருந்திருப்பார்கள். மலைக்காரியாகப் பிறந்திருந்தால், உயிரோடு இருக்கிறவருக்கு ஒற்றை மணி அடிக்க என் கை போயிருக்காது. கடற்கரையில் கற்ற பழக்கத்தில் நான் அடித்தேன், மலையில் கற்ற பழக்கத்தில் அவர்கள் நின்றார்கள். கரை எங்கே என்று காட்டவும் வேண்டியிருந்தது, வைத்த காலை நிறுத்தவும் வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே மணியில் வைத்தது நான் இல்லை. என் மறதியைக்கூட ஆண்டவர் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்.

மறுநாள் மாரமங்கலம் பக்கமாக வழி ஒதுக்கி, சூசை மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் தேறி வந்துவிட்டார். ஃபாதர் வந்ததும் ஊரெல்லாம் கூடிப் பேசினோம். இனிமேல் சாவு மணிக்கு முதலில் மூன்று அடி சேர்த்து அடிப்பது, பிறகு ஒற்றை. பனியில் யாராவது சிக்கிக்கொண்டால் வெறும் ஒற்றை மட்டும். இனி மூக்கில் கை வைக்கிற வேலை மிச்சம் என்று சூசை மாமாதான் முதலில் சரி சொன்னார். இப்போது பழம் பறிக்கிற காலத்தில் பனி இறங்கினால் பழனியம்மா அக்காவே யாரும் சொல்லாமல் போய்க் கயிற்றைப் பிடித்துவிடுகிறார். கோயிலுக்கு இரண்டு மணிக்காரர்கள் ஆகிவிட்டார்கள், தன் வேலைக்கு ஆபத்து என்று என் கணவர் புலம்புகிறார்.

நானும் மாறிவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் கேட்கிறேன். மழையைக் கேட்கிறேன், மழை நிற்கக் கேட்கிறேன், அவர் மரத்திலிருந்து இறங்குகிறவரைக்கும் கேட்கிறேன். "ஆண்டவருக்கு இப்ப மூச்சு உட நேரமில்ல" என்பார் அவர். காலையில் கிளம்பும்போது "வந்துருங்க" என்கிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு புயல் தேவைப்பட்டது.

என் கணவரைத் தந்தவர் என் அப்பாவை ஏன் தரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொன்னால் அது பொய்ச் சாட்சி. ஆனால் இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

அடுத்து வந்த தவக்காலத்தில் சூசை மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். என் கணவர் வெளியூர் போயிருந்ததால் மணி அடிக்க நான்தான் போனேன். மூன்று அடி சேர்த்து அடித்தேன். பிறகு ஒற்றையாக அடிக்க ஆரம்பித்தேன். ஒரு அடி, அமைதி, ஒரு அடி. அன்றைக்குப் பனிக்குள் நின்றவர்களுக்கு அடித்த அதே அடி. வா, வீடு இந்தப் பக்கம் என்று சொல்கிற அதே மணி. தோட்டத்தில் எல்லோரும் கூடையை இறக்கி வைத்து நின்றார்கள். கயிற்றைப் பிடித்தபடி எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. இத்தனை வருசம் கோபப்பட்டுக்கொண்டே சுமந்த வார்த்தையை அன்றைக்குத்தான் நம்பினேன். அந்த மணி என் அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் போய்ச் சேர்ந்த வீடு எங்கள் வீடாக இல்லை, அவ்வளவுதான்.

ஆகையால், காத்திருக்கிற என் சகோதர சகோதரிகளே, ஒரு முறை கேட்டுக் கிடைக்கவில்லை என்று கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால், தெரிந்த மாதிரி கேளுங்கள். தப்பாகக் கேட்டாலும் கேளுங்கள். யாராவது வந்து நிறுத்தச் சொன்னால், கொஞ்சம் உட்கார்ந்து அழுதுவிட்டு, எழுந்து மறுபடியும் கயிற்றைப் பிடியுங்கள். பனிக்குள் ஒருவர் அசையாமல் நின்று, அடுத்த மணிக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.